மேசை சிறுத்தால் கூட்டம் பெருகுமா? டெல்டா ஊர்களில் பூல் போட்டி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து முதன்முதலாகப் பூல் போட்டி (கியூ என்னும் கோலால் மேசைமேல் பந்துகளை அடித்துப் பாக்கெட் என்னும் குழிகளில் விழவைக்கும் ஆட்டம்) நடத்தியபோது 32 பேருக்கு அட்டவணை எழுதினோம். மேசைகள் இரண்டுதான், இரண்டும் 9 அடி. அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் பிரேக்கைக் காலை பத்தரைக்கு அடித்தார்கள். முதல் சுற்று முடிந்தபோது மாலை ஏழரை. இரவு ஒன்பது மணிக்கு இரண்டாம் சுற்றில் பாதிகூட ஆகவில்லை. மன்னார்குடியிலிருந்து வந்தவர், பாபநாசத்துக்காரர், வலங்கைமானிலிருந்து வந்த இருவர் என ஒவ்வொருவராகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கினார்கள். நள்ளிரவு தாண்டிக் கோப்பையை வாங்கியவர் வழியில் இரண்டு சுற்றுகளை ஒரு பந்தும் அடிக்காமல் கடந்திருந்தார். எதிராளிகள் பஸ் ஏறிவிட்டார்கள். அடுத்த போட்டிக்கு வந்தவர்கள் 11 பேர்.

விளம்பரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதற்கடுத்த முறை நால்ரோட்டில் பெரிய பிளெக்ஸ் கட்டினோம். 11 என்பது 12 ஆனது. அந்தப் பன்னிரண்டாமவர் பிளெக்ஸ் கட்டிக்கொடுத்தவரின் தம்பி. அதன் பிறகுதான் டேப்பும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மேசையின் நீளம், அட்டவணையில் எழுதும் பெயர்களின் எண்ணிக்கை, கடைசி பஸ்ஸின் நேரம் மூன்றும் ஒரே கணக்கில் வருபவை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் நகரும். இரண்டு மூன்று மேசைகளை வைத்துக்கொண்டு தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்கால் பக்கம் போட்டி நடத்த நினைப்பவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: மேசையை அளந்து பாருங்கள்

கிளப் உரிமையாளர் "எட்டடி" என்று சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். அவர் பொய் சொல்வதில்லை; மரச் சட்டத்தின் வெளிவிளிம்பை அளந்திருப்பார். ஆட்டத்துக்குக் கணக்கு குஷனின் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பு) மூக்கிலிருந்து எதிர்க் குஷனின் மூக்கு வரைதான். அந்த அளவில் 9 அடி மேசை என்பது 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். 8 அடியில் இரண்டு வகை உண்டு: 92க்கு 46, 88க்கு 44. 7 அடி மேசை பெரும்பாலும் 78க்கு 39 வாக்கில் இருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஓரிரு அங்குலம் மாறும். எதுவானாலும் நீளம் அகலத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் யாரோ உள்ளூரில் குஷனை மாற்றியபோது இடம் தின்றுவிட்டது என்று பொருள்.

பந்தையும் பாருங்கள். எண் போட்ட வழக்கமான பூல் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மி.மீ. பிரிட்டன் பாணியில் சிவப்பும் மஞ்சளுமாக வரும் பந்துகள் 2 அங்குலம்தான். இரண்டையும் ஒரே போட்டியில் கலக்கக் கூடாது. மூலைப் பாக்கெட்டின் வாயில் இரண்டு பந்துகளை ஒட்டி வைத்துப் பார்த்தால் போதும். 9 அடி மேசைக்கு உலக பூல் பில்லியர்ட் சங்கம் வைத்திருக்கும் அளவு நாலரை அங்குலத்திலிருந்து 4.625 அங்குலம் வரை. இரண்டும் நெருக்கி உட்கார்ந்தால் சரி. மூன்றாவது பந்துக்கும் இடம் தெரிந்தால் அது பாக்கெட் இல்லை, குளத்துமடை.

12 அடி ஸ்னூக்கர் மேசை மட்டும் இருக்கும் பழைய கிளப்பில் பூல் பந்தை உருட்டிப் போட்டி நடத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. 1875இல் ஜபல்பூரில் பெயர் பெற்று, ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டது. அந்த மேசை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் பாக்கெட் 52.5 மி.மீ. பந்துக்காக உதடு வளைத்து வெட்டப்பட்டது. அதில் 57 மி.மீ. பந்தைப் போட முயன்றால் முதல் சுற்றே மூன்று நாள் நடக்கும்.

இரண்டாம் படி: அளவு ஆட்டத்தை என்ன செய்கிறது

7 அடியிலிருந்து 9 அடிக்குப் போனால் நீளம் 28 சதவீதம்தான் கூடுகிறது. "கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்" என்று தோன்றும். ஆனால் பந்து போடுவதில் இரண்டு தூரங்கள் இருக்கின்றன: வெள்ளைப் பந்திலிருந்து குறிப்பந்து வரை ஒன்று, குறிப்பந்திலிருந்து பாக்கெட் வரை இன்னொன்று. கை நடுங்கியதால் வந்த சிறு கோணப் பிழை முதல் தூரத்தில் ஒருமுறை வளர்கிறது. வளர்ந்த அந்தப் பிழையே இரண்டாம் தூரத்தில் மறுபடி வளர்கிறது. எனவே 1.28ஐ 1.28ஆல் பெருக்க வேண்டும். பிழை சுமார் 64 சதவீதம் கூடுகிறது. பாக்கெட்டின் வாயோ கிட்டத்தட்ட அதே நாலரை அங்குலம்.

ஒரு நேர் அடியை எடுத்துக்கொள்வோம். 7 அடி மேசையில் வெள்ளைப் பந்துக்கும் குறிப்பந்துக்கும் இடையே 24 அங்குலம், அங்கிருந்து பாக்கெட்டுக்கு இன்னொரு 24 அங்குலம். அடிப்பவர் கால் பாகை தவறிவிட்டார் என்றால், குறிப்பந்து பாக்கெட்டை அடையும்போது நடுவிலிருந்து சுமார் 1.1 அங்குலம் விலகியிருக்கும். நாலரை அங்குல வாயில் இரண்டேகால் அங்குலப் பந்துக்கு இருபுறமும் மிஞ்சுவது 1.125 அங்குலம். உதட்டை உரசிக்கொண்டு பந்து விழுந்துவிடும், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். அதே நிலையை 9 அடி மேசையில் வையுங்கள். தூரங்கள் இப்போது தலைக்கு முப்பதே முக்கால் அங்குலம். அதே கால் பாகைத் தவறுக்கு விலகல் 1.8 அங்குலம். பந்து குஷனில் மோதித் திரும்பி வருகிறது. அதே மனிதர், அதே கை, அதே தவறுதான்.

வாரத்துக்கு ஒரு நாள் கியூ பிடிக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவர் கைக்குத் தெரியும். "தம்பி, அந்தப் பெரிய மேசையில் நான் ஆடி என்ன ஆகப்போகிறது?" என்று அவர் எங்களிடம் கேட்டதுதான் நான் கேட்ட மிகச் சுருக்கமான வருகை ஆய்வு. அமெரிக்காவிலும் இதே கதைதான். மதுக்கூடங்களில் காசு போட்டு ஆடும் 7 அடி மேசைகளைச் சுற்றித்தான் அங்கே பெரிய அமெச்சூர் லீக்குகள் வளர்ந்தன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 9 அடியில் ஆடுகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டுச் சின்ன மேசை என்றால் எல்லாம் சுலபம் என்று முடிவு கட்ட வேண்டாம். எயிட் பாலில் (தன் பங்குப் பந்துகளைப் போட்டுவிட்டுக் கடைசியில் கறுப்பு எட்டைப் போடும் ஆட்டம்) 15 பந்துகள் அதே பருமனில் இருக்க, இடம் மட்டும் குறைகிறது. பந்துகள் ஒன்றை ஒன்று மறைக்கும், கொத்தாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பந்தை நிறுத்தும் இடத்தில் புத்தி வேண்டும். திருச்சியிலிருந்து வந்த நல்ல ஆட்டக்காரர் ஒருவர் எங்கள் 7 அடி மேசையில் கொத்துக்குள் சிக்கிக்கொண்டு முழித்ததை நான் பார்த்திருக்கிறேன். புதியவருக்குப் பந்து விழுகிறது, தேர்ந்தவருக்கும் தலைவலி இருக்கிறது. உள்ளூர்ப் போட்டிக்கு இதைவிட நல்ல சேர்க்கை இல்லை என்பது என் கட்சி. 9 அடிதான் இருக்கிறது என்றால் எயிட் பாலை விட்டுவிட்டு நைன் பால் வையுங்கள். பந்துகள் குறைவு, ரேக் (ஒருமுறை பந்து அடுக்கி ஆடி முடிக்கும் பகுதி) சீக்கிரம் முடியும். அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதலாக விளையாடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரே கிளப்பில் ஒரு 9 அடியும் இரண்டு 7 அடியும் இருந்தால் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒரு சுற்று முழுவதும் ஒரே அளவு மேசையில் நடக்க வேண்டும். இறுதி ஆட்டத்தைப் பெரிய மேசைக்கு மாற்றினால் கம்பீரமாக இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். நாள் முழுவதும் ஒரு மேசையில் பழகிய கையை, அதன் முக்கியமான அரை மணி நேரத்தில் வேறு மேசைக்குத் தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. செய்தே தீருவோம் என்றால் நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கூடத்தில் எத்தனை அடங்கும்

முழு நீள கியூ 58 அங்குலம். மேசையின் நான்கு பக்கமும் அந்த அளவு இடம் விட வேண்டும். தனி மேசைக்கு 9 அடி என்றால் 18க்கு 14 அடி தேவை. 7 அடி என்றால் சுமார் 16க்கு 13. பக்கத்துப் பக்கத்து மேசைகள் நடுவிலுள்ள இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் குனிந்தால் மற்றவர் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

நம் ஊர்களில் கடைவீதி மாடியில் கிடைக்கும் கூடம் பெரும்பாலும் முப்பதுக்கு இருபது அடி. அதில் 9 அடி மேசைகளை வரிசையாகப் போட்டால் இரண்டு அடங்கும், மூன்றாவதற்கு வழியில்லை. 7 அடி என்றால் மூன்று, நெருக்கமாக ஆனால் முறையாக. 16 பேரையும் அவர்களோடு வரும் மச்சான், தம்பி, வேடிக்கை பார்ப்போர் எல்லோரையும் உட்கார வைக்க நீளவாட்டில் நாலடியும் மிஞ்சும். கூடத்தின் நடுவில் தூண் இருந்தால் 48 அங்குலக் குட்டைக் கியூ ஒன்றை வாங்கி அந்தத் தூணிலேயே சாய்த்து வையுங்கள். தூண் யாருக்கு இடைஞ்சலோ அவர் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

நான்காம் படி: கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்து, பிறகு நேரத்தைத் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் அப்படித்தான் 32 எழுதினோம். தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆட்டக்காரர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருவார்கள் என்று பாருங்கள். அந்தத் தடங்களில் கடைசி பஸ் எப்போது என்று பஸ் நிலையத்து டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். நேர அட்டவணைப் பலகையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு பரிசளிப்பு முடிந்திருக்க வேண்டும். பைக்கில் வருபவர்களுக்கும் இது பொருந்தும். இரவில் ஆற்றங்கரைச் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போக யாருக்கும் விருப்பமில்லை.

அடுத்து, உங்கள் ஆட்டக்காரர்களின் ரேக் நேரத்தை அளக்க வேண்டும். ஒரு சாதாரண மாலையில் கிளப்பில் உட்கார்ந்து பத்து ரேக்குகளைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். எங்கள் கூட்டத்துக்கு எயிட் பாலில் 7 அடி மேசையில் ரேக்குக்குச் சராசரி 11 நிமிடம் வந்தது, 9 அடியில் 15. உங்களுக்கு வேறாக இருக்கலாம். முதலில் 3 ரேக் எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்தால் ஓர் ஆட்டம் 3 ரேக்கிலும் முடியலாம், 5 வரையும் போகலாம். சமபலம் கொண்ட இருவருக்கு இடையே சராசரி நாலுக்குச் சற்று மேல். எனவே சிறிய மேசையில் ஆட்டத்துக்கு 45 நிமிடம், ஆள் மாறவும் பந்து அடுக்கவும் 5 நிமிடம், ஆக 50. பெரிய மேசையில் 67. இதையே முதலில் 5 ரேக் என்று உயர்த்தினால் சராசரி ஏழரை ரேக் ஆகிவிடும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. உள்ளூர்ப் போட்டிக்கு 3 போதும். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் 5 வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான நேரத்தையும் ஒதுக்கிவிட்டு.

ஒரு தோல்வியோடு வெளியேறும் நாக் அவுட்டில் மொத்த ஆட்டங்கள் ஆட்டக்காரர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு: 16 பேருக்கு 15. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற முறையில் 30 அல்லது 31. லீக் முறையில் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் என்றால் 16 பேருக்கு 120 ஆட்டங்கள். அது போட்டி இல்லை, குடித்தனம்.

இப்போது முழுக் கணக்கு. 16 பேர், இரண்டு மேசைகள். நாக் அவுட் 15 ஆட்டம். அதோடு முதல் ஆட்டத்தில் தோற்ற 8 பேருக்குத் தனியாக ஒரு சிறு நாக் அவுட், 7 ஆட்டம், முதலில் 2 ரேக் எடுப்பவருக்கு வெற்றி. ஏன் இந்த இரண்டாவது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். 7 அடி மேசையில் முதன்மை ஆட்டங்களுக்கு 750 நிமிடம். சிறு ஆட்டம் ஒன்றுக்கு 33 நிமிடம் வீதம் 231. ஆக 981. இரண்டு மேசைகளுக்குப் பகிர்ந்தால் எட்டு மணி நேரம் பத்து நிமிடம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கிச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி விட்டால் மாலை ஆறரை. தாமதம், வாக்குவாதம், காணாமல் போன கியூ முனைச் சாக்குக்கட்டி எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏழரை. எல்லோருக்கும் பஸ் இருக்கிறது.

அதே 16 பேர், அதே இரண்டு மேசைகள், ஆனால் 9 அடி. முதன்மை ஆட்டங்கள் 1,005 நிமிடம், சிறு ஆட்டங்கள் 301. இரண்டாகப் பிரித்தால் 653 நிமிடம், கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம். சாப்பாடும் ஒதுக்கிய ஒரு மணி நேரமும் சேர்ந்து இரவு பத்து தாண்டிவிடுகிறது. எங்கள் முதல் போட்டியில் 32 எழுதியபோது இந்தக் கணக்கை ஒரு டீக்கடைக் காகிதத்தில் போட்டிருந்தால் போதும். மன்னார்குடிக்காரர் இன்றும் எங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

எனவே இரண்டு 9 அடி மேசைகள் இருப்பவர்கள் 12 பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 12 பேர் என்றால் மூவர் மூவராக நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று ஆட்டம், மொத்தம் 12. பிரிவுக்கு ஒருவர் அரையிறுதிக்கு. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. ஆகப் பதினைந்தே ஆட்டங்கள், யாருக்கும் இரண்டு ஆட்டங்களுக்குக் குறையாது. மூன்று 7 அடி மேசைகள் இருந்தால் மேலே சொன்ன 16 பேர் திட்டம் ஆறு மணி நேரம் வாக்கில் முடிந்துவிடும். துணிந்து 24 வரை போகலாம். அதற்கு மேல் போவதென்றால் இரண்டு நாள் போட்டி. வெளியூர்க்காரர் இரண்டாம் நாள் வருவார் என்று நம்பாதீர்கள்.

11, 13 என்று எண்ணிக்கை இடறினால் முதல் சுற்றில் சிலருக்கு பை (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுக்க வேண்டியிருக்கும். 16 கட்டத்தில் 11 பேர் என்றால் 5 பை. அதை எல்லோர் முன்னிலையிலும் சீட்டு எடுத்துக் கொடுங்கள், முடிந்தால் கூட்டத்திலுள்ள ஒரு சிறுவன் கையால். அமைப்பாளரின் நண்பருக்கு பை விழுந்தால், அது குலுக்கலில் விழுந்ததுதான் என்று கிளப்பில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாம் படி: தோற்றவர் திரும்பி வர வேண்டும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, கட்டணம் கட்டி, 40 நிமிடத்தில் தோற்று, அடுத்த பஸ்ஸில் திரும்புபவர் மறுமுறை ஏன் வர வேண்டும்? நாக் அவுட்டில் பாதிப் பேருக்கு இதுதான் கதி. அதனால்தான் முதல் ஆட்டத்தில் தோற்ற எட்டுப் பேருக்கும் இன்னொரு நாக் அவுட். அதற்கும் ஒரு சிறு கோப்பை உண்டு. எங்கள் ஊரில் அதற்கு "மறுபிறவிக் கோப்பை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சில சமயம் பெரிய இறுதி ஆட்டத்தைவிட அதற்குத்தான் சத்தம் அதிகம்.

இன்னொரு வழி ஹேண்டிகேப், அதாவது பலவீனமானவருக்கு ரேக் இலக்கைக் குறைத்து வைப்பது. பலர் இதைத் தரக்குறைவாக நினைக்கிறார்கள்; எனக்கு அந்த வெட்கம் இல்லை. பலவீனமான ஆட்டக்காரர் மூன்றில் ஒரு ரேக் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 3 என்று வைத்தால் அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 21. வலியவருக்கு 3, இவருக்கு 2 என்று வைத்தால் 41. வலியவருக்கு 4, இவருக்கு 2 என்றால் 54. கவனியுங்கள்: 4க்கு 2 வைத்தாலும் ஆட்டம் 5 ரேக்கைத் தாண்டாது, உங்கள் நேரக் கணக்கு குலையாது. நான் பெரும்பாலும் 3க்கு 2 வைப்பேன். 4க்கு 2 என்பது வெளியூரிலிருந்து கோப்பை சேகரிக்க வரும் ஆட்களுக்கென்று ஒதுக்கியது.

யார் எந்தத் தரம் என்பதை ஆட்டக்காரர்களிடமே கேட்டால் எல்லோரும் திடீரென்று பணிவு பழகிவிடுவார்கள். கிளப்பில் கல்லாவில் உட்காரும் பையனிடம் கேளுங்கள். தினமும் பார்ப்பவன் அவன்.

மேசை அளவு இதில் எங்கே வருகிறது? பெரிய மேசையில் பந்து போடும் திறமையின் இடைவெளி அதிகமாகத் தெரியும். ஆகவே 9 அடியில் நடத்துபவர்களுக்கு ஹேண்டிகேப் கூடுதலாகத் தேவை. 7 அடியில் அதில் பாதி வேலையை மேசையே செய்துவிடுகிறது.

ஆறாம் படி: நாள் குறிப்பது

டெல்டாவில் ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் பார்த்து நாள் குறித்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே வருகையைத் தீர்மானிப்பது நெல்லும் முகூர்த்தமும் மழையும்.

மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் வயல்வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார்கள். பொங்கலையொட்டி சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் எந்த நாள் நம் வயலுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அறுத்த பிறகும் விடுதலை இல்லை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்க வேண்டும். நெல் குவியலுக்குக் காவல் இருந்த ஆட்டக்காரர் ஒருவருக்காக அரையிறுதியை நாங்கள் முக்கால் மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நாகப்பட்டினம் பக்கம் புயல் எச்சரிக்கை. 2018 நவம்பரில் கஜா வந்து போன பிறகு அந்த மாதத்தில் கடலோர ஊர்க்காரர்களை நம்பி நான் எதையும் திட்டமிடுவதில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது.

எனக்குப் பிடித்த மாதம் ஆடி. முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபம் பூட்டிக்கிடக்கும், வாடகை பேசலாம். அதைவிட முக்கியம், போட்டோ எடுப்பவர், பந்தல்காரர், சமையல் கோஷ்டி, ஒலி ஒளி அமைப்பவர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கும் மாதம் அதுதான். எங்கள் ஆட்டக்காரர்களில் கால்வாசிப் பேர் இந்தத் தொழில்களில் இருப்பவர்கள். பதினெட்டாம் பெருக்கு நாளை மட்டும் தொடாதீர்கள். அன்று ஊரே ஆற்றங்கரையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆனால் கல்லூரித் தேர்வும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. அறுவடை ஓய்ந்த மாசி நடுப்பகுதி எனக்கு இரண்டாவது விருப்பம், மாசி மகத்தைத் தவிர்த்துவிட்டு.

ஏழாம் படி: நோட்டீசும் பணமும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டீசில் மேசை அளவு, ஆட்ட வகை, எத்தனை ரேக், அதிகபட்ச ஆட்டக்காரர் எண்ணிக்கை, முடியும் நேரம் ஐந்தும் இருக்க வேண்டும். "முடியும் நேரம்" என்று யாரும் போடுவதில்லை. அதைப் போட்டதுதான் எங்களுக்கு வெளியூர்க்காரர்களை மீட்டுக்கொடுத்தது. "கண்டிப்பாக வந்துவிடுகிறேன்" என்று சொல்பவரை எண்ணாதீர்கள், யூபிஐயில் பணம் அனுப்பியவரை எண்ணுங்கள். இரண்டு பேரைக் காத்திருப்புப் பட்டியலில், நடந்து வரும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கூப்பிட்டு 15 நிமிடத்தில் வராதவருக்கு ஆட்டம் போய்விட்டது.

பரிசுக்குக் கபடிப் போட்டிக்காரர்களைப் பின்பற்றலாம். முதல் பரிசு இன்னார் உபயம், இரண்டாம் பரிசு இன்னார் உபயம் என்று கடைக்காரர்களிடம் பிரித்துவிட்டால் கட்டணத்தை மேசை வாடகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை வருமானம் போகிறது, அவரிடம் பேரம் பேசி வாடகையை அமுக்காதீர்கள். சுவரோரம் நடக்கும் பந்தயத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்; அதற்காக வரும் கூட்டம் உங்கள் கூட்டமாக நிலைக்காது.

எட்டாம் படி: போட்டிக்கு முந்தைய இரவும் காலையும்

நம் வண்டல் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊதும். தரைத்தளத்துக் கிளப்பின் தளமும் அதோடு சேர்ந்து அசையும். போன மாதம் மட்டமாக இருந்த மேசை இந்த மாதம் மட்டமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. 9 அடி மேசையின் கற்பலகை வழக்கமாக மூன்று துண்டு. இணைப்பில் மெழுகு விட்டுப்போனால் பந்து அங்கே ஒரு துள்ளல் துள்ளும். கொத்தனாரிடம் ஒரு நல்ல ரசமட்டம் வாங்கி நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு குஷனை ஒட்டினாற்போல ஒரு பந்தை மெதுவாக, கிட்டத்தட்ட நின்றுவிடும் வேகத்தில் உருட்டுங்கள். கடைசி ஓரடியில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மேசையின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். திருகுகால் இருந்தால் திருகுங்கள், இல்லையென்றால் காலுக்கடியில் மர ஆப்பு. கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைப்பது ஒரு நாளைக்குத் தாங்கும், இரண்டு நாளைக்குத் தாங்காது.

ஈரப்பதம் ஏறினால் துணி கனத்து, பந்து இழுத்துக்கொண்டு ஓடும். முந்தைய இரவே துணியைப் பிரஷ் செய்து மூடிவையுங்கள். விளக்கு முக்கியம். உலகச் சங்கத்தின் விதி மேசைப் பரப்பில் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது; கைப்பேசிச் செயலியில் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் மட்டும் வெளிச்சமும் மூலையில் நிழலும் இருந்தால் எல்இடி பட்டையை நீளவாட்டில் இரண்டாகப் போடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தைய நாள் செய்தித்தாளில் பாருங்கள். இன்வெர்ட்டரில் மின்விசிறிக்கு முன் மேசை விளக்கை இணையுங்கள். வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், இருட்டில் கறுப்புப் பந்தைத் தேட முடியாது.

அட்டவணையைச் சுவரில் பெரிய தாளில் ஒட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே தொடங்க வேண்டிய நேரத்தையும் எழுதுங்கள். ஓர் ஆட்டம் 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் அந்த மேசைக்கு மட்டும் பந்தை ஒருமுறை அடிக்க 45 விநாடி என்று கடிகாரம் வையுங்கள். முன்பே அறிவித்திருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்பவர் பெரும்பாலும் மேசையைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டு அடிப்பவராகத்தான் இருப்பார்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். வந்தவர் பெயர், ஊர், எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று நான்கு பத்திகள். போட்டி முடிந்த மறுநாள், முதல் ஆட்டத்திலேயே தோற்றவர்களை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, பஸ் கிடைத்ததா என்று கேளுங்கள். வென்றவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. அடுத்தது எப்போது என்று அவர்களே கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். எங்கள் நோட்டில் கடந்த ஆடிப் போட்டிக்கு 16 பெயர்கள் இருக்கின்றன, மூன்று பேர் காத்திருப்பில். மன்னார்குடிப் பெயர் மட்டும் இன்னும் ஏறவில்லை. வருகிற ஆடிக்கு 7 அடி மேசை, மாலை ஏழரைக்குள் முடியும் என்று அவருக்குத் தனியாக ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.